சாமியக் கிண்டல் பண்ணலாமா? நம்பிக்கை இல்லாத ஒருத்தியோட அனுபவம்

நான் சாமி கும்பிடுறதில்ல. காலேஜ் படிக்கும்போதே விட்டாச்சு, திரும்ப ஆரம்பிக்கணும்னு இதுவரைக்கும் தோணல. ஆனா கல்யாணம் பண்ணிக்கிட்டது நல்ல பக்தியான ஒருத்தர, அதுவும் நான் பொறந்த மதம் இல்ல. அதனால வீட்டுல, ரெண்டு பக்க சொந்தத்துல, ஆபீஸ்லன்னு எல்லா இடத்துலயும் இந்தக் கேள்வி எங்கிட்ட வந்து நிக்கும், அடுத்தவங்க நம்பிக்கைய கிண்டல் பண்றது சரியா தப்பான்னு. நம்பிக்கை இல்லாத ஃப்ரெண்ட்ஸ் நான் அவங்க ஆளுன்னு நெனச்சு மீமா அனுப்பித் தள்ளுவாங்க, நம்புறவங்க இவ எப்ப வாயத் தொறப்பாளோன்னு உஷாராவே இருப்பாங்க. இத்தன வருஷம் ரெண்டு பக்கத்தையும் பாத்ததுல எனக்குன்னு ஒரு கருத்து வந்திருக்கு, அது ரெண்டு பேருக்குமே முழுசா புடிக்காது.

கிண்டல் பண்ற உரிமை இருக்கணும், ஒரு ஜோக்குக்காக ஒருத்தர ஜெயில்ல தூக்கிப் போடக்கூடாது. அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா கிண்டல் பண்ணி ஒருத்தர மூடநம்பிக்கைலேருந்து வெளிய கொண்டு வந்துரலாம்னு நெனச்சீங்கன்னா அது நடக்காது. நான் பாத்த வரைக்கும் யாரு உள்ள இருந்துக்கிட்டே சந்தேகப்பட ஆரம்பிச்சாங்களோ அவங்களத்தான் அது மொதல்ல அடிச்சு சாய்க்கும்.

பெரியம்மா கதைய சொன்னா புரியும்.

அவங்களுக்கு ரொம்ப வருஷமா சுகர். ஒரு ஜெபதபக் கூட்டம்னு வச்சுக்கோங்க, எந்த மதம்னு சொல்ல மாட்டேன், ஏன்னா இந்த மாதிரி ஆளுங்க எல்லா மதத்துலயும் இருக்காங்க, நான் பேர சொன்னா மத்தவங்க எல்லாம் நிம்மதியா அந்தப் பக்கம் கை காட்டிட்டுப் போயிருவாங்க. அங்க ஒருத்தர் தலைல கை வச்சு குணப்படுத்துறார், அவர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், மாத்திரை போட்டா உனக்கு நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். பெரியம்மா அங்க போக ஆரம்பிச்சதும் மாத்திரைய நிறுத்திட்டதா வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. வீடே டென்ஷன் ஆயிருச்சு.

ஆனா ஒரு நாள் அவங்க தலகாணி உறைய தொவைக்க எடுக்கும்போது நான் ஒண்ணப் பாத்தேன். உள்ள ஒரு சின்ன பேப்பர் பொட்டலம், அதுல பாதி பாதியா ஒடச்ச மாத்திரைங்க, ஒடஞ்ச ஓரத்துலேருந்து கொட்டுன தூளு பேப்பர் மடிப்புல வெள்ளையா ஒட்டி இருந்துச்சு. அதாவது அந்த மனுஷி ஊருக்கெல்லாம் நிறுத்திட்டேன்னு சொல்லிட்டு பாதி மாத்திரைய ரகசியமா முழுங்கிட்டு இருந்திருக்காங்க. முழுசா நம்பவும் முடியல, முழுசா விடவும் முடியல. அந்தப் பொட்டலத்த அப்படியே வச்சுட்டு வந்துட்டேன், ஏன்னா எனக்கு அதுதான் பெரிய நம்பிக்கையா இருந்துச்சு, உள்ளுக்குள்ள கேள்வி ஓடிக்கிட்டு இருக்குன்னு.

அப்புறம் ஒரு விசேஷத்துல சொந்தக்காரங்க எல்லாம் கூடி இருந்தப்ப என் சித்தி பையன், நல்லா படிச்சவன், நல்ல மனசுக்காரன், உண்மையாவே பெரியம்மா மேல பாசம் உள்ளவன், அந்த குணப்படுத்துற ஆளு மாதிரியே கண்ண சொருகி, கைய நடுங்க வச்சு, ஒவ்வொருத்தர் தலைலயும் வச்சு "போச்சு போச்சு சுகர் போச்சு"ன்னு நடிச்சுக் காட்டுனான். நடிப்பு பிரமாதம், அதையும் சொல்லணும். எல்லாரும் சிரிச்சாங்க, சின்னப் பசங்க திரும்பத் திரும்ப செய்யச் சொன்னாங்க, கடைசியா அவன் பெரியம்மா தலைலயே கைய வச்சான். அவங்களும் சிரிச்ச மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டாங்க, அப்புறம் எழுந்து உள்ள போயிட்டாங்க.

அந்த வாரத்துலேருந்து பாதி மாத்திரையும் போச்சு. முன்னாடி எப்பவாவதுதான் அந்தக் கூட்டத்துக்குப் போவாங்க, அதுக்கப்புறம் விடாம போக ஆரம்பிச்சாங்க. பின்னாடி எங்கிட்ட மட்டும் சொன்னது, "அவன் அத்தன பேர் முன்னாடி என்னைய முட்டாளாக்கிட்டான், இப்ப நான் மாத்திரை போட்டா அவன் சொன்னது சரின்னு ஆயிடும்ல." சுகர் பத்தியோ சாமி பத்தியோ அதுல ஒண்ணுமே இல்ல பாருங்க, வெறும் மானம். தான் ஏமாந்தது தெரிய ஆரம்பிச்ச ஒரு ஆளுக்கு மெதுவா, யாரும் பாக்காம வெளிய வர ஒரு வழி வேணும், இவன் அந்த வழியில நாற்காலியப் போட்டு உக்காந்து ஆடியன்ஸையும் கூப்பிட்டுட்டான்.

நான் செஞ்சது பெரிய விஷயம் எல்லாம் இல்ல. சாமி பத்திப் பேச்சே எடுக்கல, அந்த ஆளப் பத்தியும் எடுக்கல. தனியா இருக்கும்போது குளுக்கோமீட்டர கொண்டு போய் "சும்மா பாப்போம் பெரியம்மா, நானும் பாத்துக்குறேன், நமக்கு குடும்ப சொத்தாச்சே"ன்னு மொதல்ல என் வெரல குத்திக்கிட்டேன், அப்புறம் அவங்களது. நம்பர் 300க்கு மேல வந்துச்சு. அதையும் பெருசா பேசாம ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சேன். அடுத்த தடவ கொஞ்சம் ஏறி இருந்துச்சு, அதையும் எழுதுனேன். அவங்களே ஒரு நாள் நோட்டப் பாத்துட்டு "டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வரலாமா"ன்னு கேட்டாங்க. நல்ல வேளையா அந்த டாக்டரும் திட்டல, "நீங்க கும்பிடுங்கம்மா, அது கூட இதையும் போடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டார். அவர் மட்டும் அன்னைக்கு ஒரு நக்கல் அடிச்சிருந்தா நாங்க வாசல்லயே திரும்பி இருப்போம்னு எனக்கு நல்லா தெரியும்.

இத சொன்னா என் ஃப்ரெண்ட்ஸ் ஒடனே கேப்பாங்க, அப்ப யாரும் யாரையும் கிண்டலே பண்ணக் கூடாதா, நீயும் புண்படுது புண்படுதுன்னு கூவுற கோஷ்டில சேந்துட்டியான்னு. இல்ல. மதத்தக் கிண்டல் பண்றது நமக்கு இன்னைக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல. 7ஆம் நூற்றாண்டுல பல்லவ ராஜா மகேந்திரவர்மனே மத்தவிலாசப் பிரகசனம்னு ஒரு காமெடி நாடகம் எழுதி இருக்கார், சம்ஸ்கிருதத்துல, கதை நடக்குறது காஞ்சில. குடிச்சுட்டு தள்ளாடுற ஒரு காபாலிகன், அதாவது மண்டை ஓட்ட பிச்சைப் பாத்திரமா வச்சிருக்குற சைவத் துறவி, அவனோட கபால ஓடு காணாமப் போயிரும், அவன் ஒரு புத்த பிக்கு மேல சந்தேகப்பட்டு சண்டை போடுவான், அந்த பிக்கு என்னடான்னா புத்தர் மதுவையும் பெண்ணையும் ஏன் அனுமதிக்காம விட்டார்னு புலம்பிக்கிட்டு இருப்பார், பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன், இன்னொரு சைவப் பிரிவுத் துறவி, வருவான், கடைசில பாத்தா ஓட்ட தூக்கிட்டுப் போனது ஒரு நாய். அதுல சிரிப்புக்கு ஆளாகுறது யாருன்னு பாருங்க, துறவி வேஷம் போட்டுக்கிட்டு ஊர ஏமாத்துறவங்க. தெருக்கோடில விளக்கு ஏத்துற கெழவி இல்ல.

சித்தர் சிவவாக்கியர எடுத்துக்கோங்க. நட்ட கல்லும் பேசுமோன்னு அவர் கேட்ட அளவுக்கு இன்னைக்கு எந்த மீமும் கேக்கல. ஆனா அவர் அதே மூச்சுல நாதன் உள்ளிருக்கையில்னு சொல்றார். சாமி இல்லன்னு சொல்ல வரல, உள்ள இருக்குறத விட்டுட்டு வெளிய எங்க தேடுறன்னு சொந்த வீட்டு ஆள அதட்டுற மாதிரி அதட்டுறார். அந்தக் கிண்டலுக்கு அவருக்கு உரிமை இருந்துச்சு, ஏன்னா அந்த வீட்டுக்குள்ளயே நின்னு பேசுனார்.

இந்த உள்ள, வெளிய விஷயத்த நான் வீட்டுலயே தெனம் பாக்குறேன். என் வீட்டுக்காரர் தன் சாமிய அவ்வளவு ஓட்டுவார். ப்ரமோஷன் கெடைக்கலன்னா "என் ஃபைல அவரு இன்னும் ஓபனே பண்ணல போல"ன்னு மேல பாத்து சொல்லுவார். நானும் சிரிப்பேன். அதே ஜோக்க, கிட்டத்தட்ட அதே வார்த்தைல, என் தம்பி சொன்னான் ஒரு தடவ. அவர் மூஞ்சி மாறுனத நான் கவனிச்சேன், தம்பி கவனிக்கல. இதுல ரெட்டை வேஷம்னு எதுவும் இல்ல. நம்ம அம்மா சமையல நாம கொற சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரன் சொன்னா கோவம் வருதுல்ல, அவ்வளவுதான். நான் இத்தன வருஷம் கூட இருந்ததால எனக்கு பாதி லைசன்ஸ் கெடைச்சிருக்கு, அதையும் அவர் அம்மா முன்னாடி பயன்படுத்த மாட்டேன்.

ஆபீஸ் சமாச்சாரம் வேற மாதிரி. நான் டீம் லீடா இருந்தப்ப டீம்ல ஒருத்தர் மட்டும் வேற மதம், மத்த எல்லாரும் ஒரே மதம். அவர் நோன்பு இருக்குற மாசத்துல தெனம் ஒரு ஜோக் ஓடும். தண்ணி பாட்டில அவர் மூஞ்சிக்கு நேரா ஆட்டுறது, எச்சில் முழுங்கினா கணக்குல வருமான்னு கேக்குறது, இப்படி. எதுவும் கெட்ட வார்த்தை இல்ல, எல்லாம் ஃப்ரெண்ட்லின்னுதான் பேரு. அவரும் கூட சேந்து சிரிப்பார், சில சமயம் அவரே ஒண்ண எடுத்து விடுவார். கேட்டா "அவனே சிரிக்கிறான் மேடம்"ம்பாங்க. அந்த மாசம் முடிஞ்ச ஒடனே அவர் ஷிஃப்ட் மாத்திக் கேட்டு மெயில் போட்டார், காரணம்னு குடும்ப சூழ்நிலைன்னு எழுதி இருந்தார். கூப்பிட்டு தனியா பேசும்போதும் ஜோக்கப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, "பகல்ல கொஞ்சம் அமைதியா இருக்கும்னுதான்"ன்னு மட்டும் சொன்னார்.

ஒரு ரூம்ல ஒத்த ஆளா இருக்குறவரோட சிரிப்ப சம்மதம்னு எடுத்துக்காதீங்க. அவருக்கு வேற வழி இல்ல, மொறைச்சா ஹ்யூமர் சென்ஸ் இல்லாதவன்னு பேரு வரும், ஹெச்ஆர் கிட்ட போனா டீமே எதிரி ஆயிடும். நான் மீட்டிங் போட்டு அட்வைஸ் பண்ணல, அது இன்னும் அவரத்தான் அசிங்கப்படுத்தும். ரொம்ப ஜோக் அடிக்கிற பையன தனியா கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன், உன்னோட விரதத்த இதே மாதிரி அவர் எல்லார் முன்னாடியும் ஓட்டுனா ரூம் சிரிக்குமா? அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "பிரச்சனை ஆயிரும் மேடம்"னான். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல வேண்டி வரல. திருப்பி அடிக்க முடியாத எடத்துல இருக்குறவங்கள அடிச்சுட்டு அத காமெடின்னு சொல்லக்கூடாது.

இதுலேயே இன்னொண்ணு இருக்கு, என் பக்கத்து ஆளுங்களுக்கு இது கசக்கும். நான் நாத்திகன், எல்லா மதத்தையும்தான் கிண்டல் பண்ணுவேன்னு சொல்றவங்க போன்ல கடைசியா ஃபார்வர்ட் பண்ணத எடுத்துப் பாருங்க. ஒரே ஒரு மதம்தான் திரும்பத் திரும்ப வரும், அதுவும் அவங்க சுத்தி இருக்குறவங்க ஏற்கனவே வெறுக்குற மதமா இருக்கும். சொந்த வீட்டுல நடக்குற பூஜையோ ஜெபமோ அதுல வரவே வராது. சாமி இல்லங்கறதுல ஆரம்பிச்சு அந்த ஆளுங்களே வேணாம்ங்கற எடத்துக்கு எப்ப வழுக்குனாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. கடவுளப் பத்தின ஜோக்கும் அந்தக் கடவுள கும்பிடுறவங்களோட டிரெஸ்ஸு, உடம்பு, குடும்பம், புள்ளைங்க எண்ணிக்கை பத்தின ஜோக்கும் ஒண்ணு இல்ல. ரெண்டாவதுல பகுத்தறிவுன்னு எதையும் நான் பாத்ததில்ல.

சரி, நம்புறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. எங்களையும் கிண்டல் பண்றீங்க, அது ஒங்களுக்கு கிண்டலாவே தெரியறதில்ல. "கஷ்டம் வரும்போது தன்னால கை கூப்புவ பாரு"ன்னு நான் கேக்காத வருஷம் இல்ல. எங்கப்பா போனப்ப ஒரு சொந்தக்காரம்மா என் காதுல, ஆறுதல் சொல்ற குரல்லயே, நீ ஒரு விளக்காவது ஏத்தி இருந்தா இப்படி ஆயிருக்குமான்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. அந்த எடத்துல என்ன பதில் சொல்றது. நம்பிக்கை புண்படுதுன்னா நம்பாதவங்களுக்கு மட்டும் தோலு இரும்பா?

அப்புறம் கேள்விக்கும் கிண்டலுக்கும் வித்தியாசம் தெரியாம குதிக்கிறது. எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி, ஸ்கூல் படிக்கிறவ, ஏன் அந்த வழிபாட்டு எடத்துக்குள்ள ஆம்பளைங்க மட்டும் போறாங்கன்னு ஒரு பெரியவர்கிட்ட கேட்டா. நக்கல் இல்ல, நெசமாவே தெரிஞ்சுக்கக் கேட்டா. ஒடனே மதத்த அவமதிச்சுட்டா, மன்னிப்பு கேக்கச் சொல்லுன்னு ஃபோன் மேல ஃபோன். கேக்க மாட்டான்னு நான் சொல்லிட்டேன், இன்னைக்கும் சிலர் எங்கிட்ட பேசறதில்ல, பரவால்ல. ஒரு கேள்வில புண்படுற மனசுக்கு கேள்வி கேட்டவங்க பொறுப்பில்ல.

சட்டத்தப் பத்தியும் தெரிஞ்சு வச்சுக்குறது நல்லது, ஏன்னா நெறைய பேரு ஜோக்குதானேன்னு போட்டுட்டு அப்புறம் முழிக்கிறாங்க. இந்தியாவுல 1927ல வெள்ளைக்காரன் காலத்துல தண்டனைச் சட்டத்துல சேத்ததுதான் 295ஏ. 2024 ஜூலைலேருந்து அது பாரதிய நியாய சன்ஹிதால 299வது பிரிவு. வேணும்னே, கெட்ட எண்ணத்தோட ஒரு பிரிவு மக்களோட மத உணர்வ புண்படுத்தினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில். 1957லயே சுப்ரீம் கோர்ட் இத செல்லும்னு சொல்லிருச்சு, ஆனா கூடவே தெரியாம, கெட்ட நோக்கம் இல்லாம பேசுனது எல்லாம் இதுல வராதுன்னும் சொல்லிருச்சு. பேப்பர்ல அது நல்ல பாதுகாப்புதான், ஆனா நோக்கம் என்னன்னு கோர்ட் முடிவு பண்றதுக்குள்ள கேஸ் போட்டு, வாரண்ட் இல்லாமலே தூக்கிட்டுப் போய், வேல போய், வீடு மாறி, எல்லாம் நடந்து முடிஞ்சுரும். பாகிஸ்தானும் அதே 1927 சட்டத்தத்தான் வச்சிருந்துச்சு, 1980கள்ல அதுக்கு மேல ஒவ்வொரு பிரிவா அடுக்கி கடைசில மரண தண்டனை வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. இன்னொரு பக்கம் இங்கிலாந்து 2008ல தெய்வ நிந்தனைக் குற்றத்தையே எடுத்துருச்சு, அயர்லாந்துல 2018ல மக்கள் ஓட்டுப் போட்டு எடுத்தாங்க. டென்மார்க் 2017ல எடுத்துட்டு, குர்ஆன எரிக்கிற போராட்டம் பெருசானதும் 2023 டிசம்பர்ல மத நூல்கள பொது எடத்துல அவமதிக்கக் கூடாதுன்னு புதுசா ஒரு சட்டம் போட்டுச்சு. யாருக்கும் இதுல தெளிவான கோடு கெடைக்கலங்கறதுதான் நெஜம்.

எனக்கு உருப்படியா தோணுனது ஐநா சம்பந்தப்பட்ட நிபுணர்கள் 2012ல மொராக்கோல ரபாத் நகரத்துல கூடி எழுதுன ஒண்ணு. வெறுப்புப் பேச்சு எப்ப குற்றமா ஆகணும்னு ஆறு விஷயத்தப் பாக்கச் சொல்றாங்க. சூழ்நிலை என்ன, பேசுறது யாரு, நோக்கம் என்ன, என்னத்த எப்படி பேசுனாங்க, எவ்வளவு தூரம் பரவும், அதனால யாருக்காவது அடி விழ வாய்ப்பு இருக்கா. கோர்ட்டுக்காக எழுதுனதுதான், ஆனா ஃபேமிலி குரூப்ல ஒரு மீம் போடுறதுக்கு முன்னாடியும் இத நெனச்சுக்கலாம். முக்கியமா பரவுற விஷயம். நாலு ஃப்ரெண்ட்ஸுக்குள்ள சொன்னது ஸ்க்ரீன்ஷாட்டா வெளிய போகும்போது ஒங்க குரல், சிரிப்பு, முன்னாடி பின்னாடி பேசுனது எதுவும் கூடப் போகாது, வெறும் வார்த்தை மட்டும் போகும்.

ஒங்க நம்பிக்கைய ஒருத்தர் கிண்டல் பண்ணும்போது என்ன பண்றதுன்னும் நெறைய பேர் கேக்குறாங்க. என் வீட்டுக்காரர் டெக்னிக் ஒண்ணு உண்டு, கோவப்பட மாட்டார், ரொம்ப சீரியஸா "புரியல, என்ன சொல்ல வர்றீங்க?"ன்னு கேப்பார். அவங்க திரும்ப சொல்லுவாங்க. "இல்ல, அதுல எது சிரிப்பு?"ன்னு மறுபடி கேப்பார். பாதி ஜோக்குங்க விளக்கச் சொன்னா அங்கயே செத்துரும். மீதி பாதி உண்மையாவே நல்ல ஜோக்கா இருக்கும், அதுக்கு அவரே சிரிச்சுருவார். போலீஸ் கம்ப்ளைன்ட், மன்னிப்பு கேளு, இதெல்லாம் பண்ணுனா யாருமே பாக்காத ஜோக்க ஊரே பாக்கும்.

இந்த விஷயத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச வரி ரொம்ப ரொம்பப் பழசு. கிமு 3ஆம் நூற்றாண்டுல அசோகர் வெட்டி வச்ச 12வது பாறைக் கல்வெட்டு. தேவை இல்லாம தன் சமயத்தப் புகழ்ந்து அடுத்தவங்க சமயத்தப் பழிக்காதீங்க, அப்படிப் பண்றவன் தன் சமயத்துக்குத்தான் அதிகமா கெடுதல் பண்றான்னு அதுல இருக்கு. மதத்துக்கு சொன்னாரு, ஆனா மதம் வேணாம்னு சொல்ற எங்களுக்கும் அது அப்படியே பொருந்துது. என் சித்தி பையனோட நடிப்பால பகுத்தறிவுக்கு ஒரு ஆள் கூட கூடல, கெடைக்க இருந்த ஒரு ஆளும் போனாங்க.

சரி, அந்த குணப்படுத்துற ஆள மட்டும் சும்மா விடுறதான்னு கேட்டீங்கன்னா, விடல. அந்தக் கூட்டத்தோட நோட்டீஸ் ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, அதுல சுகர் உட்பட இன்னின்ன வியாதி குணமாகும்னு அச்சடிச்சே போட்டிருந்தாங்க. 1954ல போட்ட ஒரு சட்டம் இருக்கு, மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டம்னு, அந்த சட்டத்துலயே போட்டிருக்குற பட்டியல்ல இருக்குற வியாதிங்கள குணப்படுத்துறேன்னு விளம்பரம் பண்ணவே கூடாது. நீரிழிவு அந்தப் பட்டியல்ல இருக்கு. தாயத்து, மந்திரம் மாதிரி விஷயங்களும் அந்த சட்டத்துக்குள்ள வரும். சித்தி பையனக் கூப்பிட்டு, நடிச்சுக் காட்டுனியே, இப்ப இத டைப் பண்ணுன்னு ஒக்கார வச்சேன். நோட்டீஸோட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, தேதி, எடம் போட்டு, சாமி பேரே இழுக்காம, வெறும் விளம்பரத்தப் பத்தி மட்டும் எழுதி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்புனோம். அவன் நடுவுல ஒரு நக்கல் வரி சேத்தான், அத அடிச்சுட்டுதான் அனுப்புனேன், ஏன்னா கம்ப்ளைன்ட் படிக்கிற ஆபீசரும் சாமி கும்பிடுறவரா இருக்கலாம்ல.

கொஞ்ச மாசம் கழிச்சு வந்த நோட்டீஸ்ல வியாதி லிஸ்ட்டே காணோம், பொதுவா உடல் நலம், மன நிம்மதின்னு மட்டும் போட்டிருந்தாங்க. எங்க லெட்டர்னாலயா வேற எதனாலயான்னு சொல்ல முடியாது. கூட்டம் இன்னும் நடக்குது, பெரியம்மா இன்னும் எப்பவாவது போறாங்க, மாத்திரைய முழுசா போட்டுட்டு.